ஆணியே இல்லாத மரக்கோயிலா? ஜப்பானியத் தச்சுக் கணக்கும் கன்னா பிடிக்கும் முறையும்

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. ஜப்பானில் ஓர் ஆணிகூட இல்லாமல் ஆயிரம் வருஷம் நிற்கும் மரக்கோயில்களைக் கட்டினார்கள் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை, எப்படி நிற்கிறது என்பது ஒன்று. அந்த ஊர் இழைப்புளியான கன்னாவை வாங்கி இங்கே பழகலாமா, வாங்கியவர்கள் பலருக்குச் சுருள் வராமல் மரம் பிய்ந்து வருவது ஏன் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டிலும் வேலை ஒன்றுதான்: மரம் எந்தப் பக்கம் எவ்வளவு அசையும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்வது.

முதலில் ஆணி. நாரா மாகாணம் இகாருகாவில் உள்ள ஹோர்யூஜி, இன்று நிற்கும் மரக்கட்டடங்களில் உலகிலேயே பழையது. 607இல் நிறுவப்பட்டதாக மரபு சொல்லும் கோயில் 670இல் எரிந்துபோனது. இப்போது நாம் பார்ப்பது 7ஆம் நூற்றாண்டின் கடைசிக்கும் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையில் திரும்ப எழுப்பியது. ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணுக்கான மரம் 594இல் வெட்டப்பட்டது என்று ஆண்டுவளையங்களை வைத்துக் கணித்திருக்கிறார்கள். இந்தக் கோயிலிலும் ஆணி உண்டு. கொல்லர் அடித்து நீட்டிய தடித்த நாற்கோண இரும்பாணிகள் கைமரங்களையும் பலகைகளையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பாரம் சுமக்கும் எலும்புக்கூடு, அதாவது தூணும் உத்திரமும் குறுக்குச்சட்டங்களும்தான் மரத்துக்குள் மரம் பூட்டி நிற்கின்றன. ஆணியே இல்லை என்பது தவறு. பாரத்தை ஆணியை நம்பி ஏற்றவில்லை என்பது சரி.

மரம் மழைக்காலத்தில் ஊதும், வெயிலில் சுருங்கும். நீளவாக்கில் இந்த அசைவு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். குறுக்கேதான் எல்லாம். அதிலும் வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம், நடுவிலிருந்து பட்டை நோக்கிய திசையில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இரும்பு இதோடு சேர்ந்து அசையாது. வருஷம் வருஷமாக ஊதிச் சுருங்கும் மரத்தில் ஆணியைச் சுற்றித் துளை தளரும், அங்கே ஈரம் இறங்கும், துரு பிடிக்கும், துருவின் பருமன் துளையை இன்னும் பெரிதாக்கும். மரமுளையும் ஆப்பும் பக்கத்து மரத்தோடு சேர்ந்தே ஊதிச் சுருங்குகின்றன. தளர்ந்துபோனாலும் ஆப்பை மறுபடி ஒரு தட்டுத் தட்டி இறுக்கலாம்.

கோபுரங்களின் நடுத்தூணில் இந்தக் கணக்கைக் கண்ணெதிரே பார்க்கலாம். ஒவ்வொரு அடுக்கும் படுக்கவைத்த கனமான மரங்களின் அடுக்கு. அவை குறுக்கே சுருங்கும்போது பல பத்தாண்டுகளில் மொத்தக் கோபுரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமர்கிறது. நடுத்தூணோ நின்ற மரம். அது அடுக்குகளைச் சுமப்பதில்லை, நீளத்தில் சுருங்குவதும் இல்லை. விளைவு, உச்சிக்கூரை இறங்க, தூண் அப்படியே நிற்க, இரண்டுக்கும் இடையே விரிசல் விழுந்து மழைநீர் உள்ளே போகும். எடோ காலத் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) தச்சர்கள் சில கோபுரங்களில் தூணைத் தரையில் ஊன்றாமல் மேலிருந்து தொங்கவிட்டே தீர்வு கண்டார்கள். நிக்கோ தோஷோகு கோபுரத்தின் நடுத்தூண் சங்கிலியில் தொங்குகிறது, அடியில் சுமார் 10 செ.மீ. இடைவெளி. கோபுரம் அமர்ந்தால் தூணும் சேர்ந்து இறங்கும். நில அதிர்வுக்காகவே தொங்கவிட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள். அதிர்விலும் அது உதவலாம். ஆனால் தச்சுக் கண்ணோடு பார்த்தால் சுருக்கம்தான் முதல் காரணமாகப் படுகிறது.

மரம் தேர்வதில் தொடங்குகிறது எல்லாமே. கோயில் வேலைக்கு முதல் மரம் ஹினோக்கி. சைப்ரஸ் வகை, மெதுவாக வளரும், நார் நேராக ஓடும், வைரப்பகுதியில் மணமுள்ள எண்ணெய் இருப்பதால் எளிதில் இற்றுப்போகாது. கூரான உளிக்கு வெண்ணெய் மாதிரி இடம் கொடுக்கும். ஹோர்யூஜியின் தலைமைத் தச்சராக இருந்த நிஷியோகா சுனேகாசு (1908–1995), யாகுஷிஜி கோயிலின் பொன்மண்டபத்தையும் 1981இல் முடிந்த மேற்குக் கோபுரத்தையும் திரும்ப எழுப்பியபோது, தேவையான அளவுக்கு முதிர்ந்த ஹினோக்கி ஜப்பானில் கிடைக்காமல் தைவானிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. மரத்தைத் தனித்தனியாக வாங்காமல் மலையோடு வாங்க வேண்டும் என்பது ஹோர்யூஜி தச்சர்களின் வாய்மொழி மரபு. மலையின் தென்சரிவில் வளர்ந்தது கட்டடத்தின் தென்பக்கம் போக வேண்டும், வடசரிவு மரம் வடக்கே. காற்றுக்கு எதிர்த்து வளர்ந்து இடப்பக்கம் முறுக்கிய மரத்தையும் வலப்பக்கம் முறுக்கிய மரத்தையும் ஜோடி சேர்த்துப் பூட்டினால் ஒன்றின் முறுக்கை மற்றது பிடித்துக்கொள்ளும். ஒரே பக்கம் முறுக்கும் மரங்களை வரிசையாகப் போட்டுவிட்டால் கட்டடமே திரும்பும்.

நடுச்சோற்றோடு, அதாவது மரத்தின் மையத்தோடு, சேர்த்து அறுத்த தூண் காயும்போது எங்காவது வெடித்தே தீரும். அது எங்கே வெடிக்க வேண்டும் என்பதைத் தச்சரே முடிவு செய்துவிடுகிறார். சுவருக்குள் மறையும் முகத்தில், நீளம் முழுக்க, நடுச்சோறு வரைக்கும் ஒரு ரம்பக்கோடு இறக்கி, அதில் ஆப்புச் சொருகி வைப்பார்கள். காயக் காய அந்தப் பிளவு மட்டும் அகலும், மற்ற மூன்று முகங்களும் சுத்தமாக இருக்கும். தூணை நிறுத்தும்போது அடிமரம் கீழே, நுனி மேலே. தலைகீழாக நட்டால் அபசகுனம் என்பார்கள்.

அளவுகோடு போடுவது இந்தத் தொழிலில் தனிப் படிப்பு. சுமிட்சுபோ என்கிற மைக்கூட்டுக்குள் மை ஊறிய பஞ்சு வழியாகப் பட்டுநூல் ஓடும். இழுத்து, நுனியைக் குத்திப் பிடித்து, நூலடித்தால் முடி மாதிரி ஒரு கறுப்புக்கோடு விழும். மற்ற கோடுகளுக்கு நுனியைச் சீப்புப் போலப் பிளந்த மூங்கில் பேனா. அளவெல்லாம் மரத்தின் விளிம்பிலிருந்து எடுப்பதில்லை, நடுக்கோட்டிலிருந்து எடுப்பார்கள். ஏனென்றால் வாச்சியில் செதுக்கிய மரத்தில் இரண்டு விளிம்பு ஒருபோதும் இணையாக இருக்காது, நடுக்கோடு பொய் சொல்லாது. சாஷிகானே என்கிற எஃகு மூலைமட்டத்தின் பின்பக்கத்தில் சாதாரண அளவை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிய அளவுகோல் பொறித்திருக்கும். ஓர் உருண்டை மரத்தின் விட்டத்தில் அதை வைத்தால், அந்த மரத்திலிருந்து எடுக்கக்கூடிய மிகப்பெரிய சதுரத்தூணின் பக்க அளவு நேராகத் தெரிந்துவிடும். கூரை மூலையில் சாய்ந்து வளைந்து வரும் கைமரங்களின் வெட்டுக்கோணங்களை எல்லாம் இந்த ஒரு மட்டத்தாலேயே போட்டுவிடுவார்கள். பழைய அளவில் ஒரு ஷாக்கு 303 மி.மீ., அதில் பத்தில் ஒன்று சுன்.

கோடு போட்டாகிவிட்டது, எங்கே அறுப்பது? கோட்டை முழுக்க விட்டா, முழுக்க எடுத்தா, பாதியிலா? அந்தக் கோடே அரை மில்லிமீட்டருக்குள்தான். துளைக்குக் கோட்டின் பாதி, அதற்குள் நுழையும் மரநுனியான நாக்குக்குக் கோடு முழுசாக இருக்கும்படி, என்று ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு முடிவு. அந்தப் பாதிக்கோட்டில்தான் இறுக்கம் இருக்கிறது.

இப்போது ஒரு பூட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கானவா என்கிற நீள ஒட்டு. அடி இற்றுப்போன தூணை எடுத்துப்போடாமல், கெட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் புதுமரம் சேர்க்க இதைத்தான் பயன்படுத்துவார்கள். மேல்துண்டு, கீழ்த்துண்டு இரண்டும் ஒரே வடிவம். ஒவ்வொன்றிலும் சாய்வான நீண்ட முகம், அதன் நடுவே கொக்கி மாதிரி ஒரு படி, நுனியில் சின்ன நாக்கு. எதிர்த்துண்டின் தோளில் அந்த நாக்குக்கு ஏற்ற காடி. தூணை ஜாக்கியால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு புதுத்துண்டைப் பக்கவாட்டில் உள்ளே தள்ள வேண்டும். இந்த நிலையில் கொக்கிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், நுனி நாக்குகள் காடிக்கு வெளியே நிற்கும். ஜாக்கியை இறக்கினால் தூண் இறங்கி நாக்குகள் காடிக்குள் போய்விடும், கொக்கிகள் விலகி நடுவே ஒரு சதுரத் துளை திறக்கும். அந்தத் துளையில் ஓக் மர ஆப்பை அடித்தால் இரண்டு துண்டும் ஒன்றோடொன்று இழுத்துப் பூட்டிக்கொள்ளும். இனி மேலேயும் போகாது, கீழேயும் போகாது, பக்கவாட்டிலும் நழுவாது, முறுக்கவும் முடியாது. மேலிருந்து இறக்கிப் பூட்டும் ஓக்காகே தாய்சென் என்ற ஒட்டு உத்திரத்துக்கு அருமையானது, ஆனால் நிற்கும் தூணுக்கு ஆகாது. பக்கவாட்டில் நுழைய வழியிருப்பதுதான் கானவாவின் முழுப் பெருமை.

இதில் கெடுவது எங்கே? பச்சையான மரத்தைப் புதுத்துண்டாகப் போட்டால் ஒரே வருஷத்தில் சுருங்கித் தோளில் இடைவெளி விழும். ஆப்பு மென்மரமாக இருந்தால் அடிக்கும்போதே நசுங்கிவிடும், இறுக்கம் வந்தது போலத் தெரியும், வந்திருக்காது. ஆப்பு கடினமரம், நன்றாகக் காய்ந்தது, துளையின் மரத்தைவிட ஈரம் குறைந்தது என்று இருக்க வேண்டும். சுற்றுப்புற ஈரத்தை அது குடித்துக் கொஞ்சம் ஊதும், அப்போதுதான் பிடி முழுமையாகும். சாய்முகத்தின் நடுவில் ஒரு சிறு மேடு விட்டுவிட்டாலும் ஓரங்கள் சேராது, ஆகவே உளியால் முகத்தை நடுவில் மயிரிழை குழிவாக எடுப்பது வழக்கம்.

நாக்கை நசுக்கி நுழைப்பதும் இதே யோசனைதான். மரத்தைக் கொல்வது என்றே அதற்குப் பெயர். நாக்கைத் துளையைவிட ஒரு மயிரிழை பெரிதாக விட்டு, சுத்தியலின் லேசாகக் குவிந்த முகத்தால் பக்கங்களை மெதுவாகத் தட்டி அமுக்குவார்கள். அமுங்கிய நாக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், பின் ஈரத்தில் பழைய பருமனுக்குத் திரும்பும். நார் அறுபடும் அளவுக்கு அடித்துவிட்டால் அது திரும்பாது, அவ்வளவுதான். கென்னோ என்னும் அந்தச் சுத்தியலின் தட்டையான முகம் உளியை அடிக்க, குவிந்த முகம் இதற்கும் ஆணியின் கடைசி அடிக்கும்.

ஒசாகா கோட்டையின் ஓத்தெமொன் வாசலில் ஒரு தூண் ஒட்டு இருக்கிறது. முன்னும் பின்னும் புறாவால் மாதிரி, பக்கங்களில் மலைமுகடு மாதிரி. நான்கு பக்கமும் பார்த்தால் நுழையவே வழியில்லை போலத் தோன்றும். எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் அது சாய்வாக நழுவிச் சேர்வது என்று தெரிந்தது. அழகான வேலைதான். ஆனாலும் இந்தத் தொழிலின் மேன்மையை அளக்க அந்தப் புதிரைவிட, கிராமத்து வீட்டின் இருட்டு மூலையில் யார் கண்ணிலும் படாமல் நிற்கும் கானவாவைத்தான் நான் காட்டுவேன். (நாம் புறாவால் என்பதை அவர்கள் எறும்பு என்பார்கள், எறும்புத் தலை வடிவம்.)

நில அதிர்வு பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தூண்களைத் துளைத்துக்கொண்டு போகும் குறுக்குச்சட்டங்களும் ஆப்புகளும் குலுங்கும்போது மரம் மரத்தில் அமுங்கி விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குகின்றன. ஒடியாமல் வளைந்துகொடுப்பதே உத்தி. அது வேலை செய்ய மரம் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். 1995 கோபே நில அதிர்வில் கனமான ஓட்டுக்கூரை கொண்ட பழைய மரவீடுகள் ஏராளமாக விழுந்தன. அடிச்சட்டம் இற்று, கரையான் தின்ற வீட்டைப் பூட்டு காப்பாற்றாது.

இற்றுப்போவதை ஒப்புக்கொண்டே கட்டுவது இசே கோயிலின் வழி. அங்கே தூண்களைக் கல்லின்மேல் வைக்காமல் நேராக மண்ணில் நடுகிறார்கள், கூரை புல்வேய்ச்சல். நீடிக்காது என்று தெரியும், அதனால் 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டித் தெய்வத்தை இடம் மாற்றுகிறார்கள். 62ஆவது முறை 2013இல் நடந்தது, அடுத்தது 2033. இருபதில் எடுபிடியாக நின்றவர் நாற்பதில் உளி பிடிப்பார், அறுபதில் மேற்பார்வை பார்ப்பார். பிரித்த மரம் வீணாவதில்லை. முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள் உஜி பாலத்து இரு முனையிலும் தோரணவாயிலாக இன்னும் 20 ஆண்டு நிற்கின்றன, அதற்குப் பின்னும் வேறு ஊர்களுக்குப் போகின்றன.

இனி கன்னா. நம் இழைப்புளியைத் தள்ளுகிறோம், இதை இழுக்கிறார்கள். தகடு ஆப்பு வடிவில் தடித்தது, தனியாக ஆப்பு கிடையாது. ஓக் கட்டையின் பக்கக்காடிகளே அதைக் கவ்விக்கொள்கின்றன. தகட்டின் பெரும்பகுதி மென்னிரும்பு, வெட்டும் முகத்தில் மட்டும் மெல்லிய கடின எஃகு. சாதாரணமாக 70 மி.மீ. அகலத் தகடு வாங்கலாம். தகடு சாய்ந்து உட்காரும் படுக்கையின் சாய்வு பத்துக்கு எட்டு, அதாவது 39 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. இது ஹினோக்கி, பைன் போன்ற மென்மரத்துக்கு ஆனது. தேக்கு, வேங்கை இழைக்கிறவர்கள் 43 முதல் 47 டிகிரி வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பெட்டியிலிருந்து எடுத்ததும் இழைக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. கடையில் வருவது பாதி முடிந்த கருவி. முதலில் தகட்டின் முதுகில் பென்சில் கரியோ எண்ணெய் கலந்த மையோ தடவி, கட்டைக்குள் லேசாகத் தட்டி நுழைத்து எடுங்கள். படுக்கையில் கறுப்பு ஒட்டிய இடம் மேடு. அதை மட்டும் உளியால் சுரண்டுங்கள். கையால் தள்ளி, அதன்பின் சில தட்டில் தகடு வாய்வரை (கட்டையின் அடியில் முனை எட்டிப்பார்க்கும் பிளவு) வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அவசரத்தில் ஒரேயடியாகச் சுரண்டிவிட்டால் தகடு தளர்ந்து, இழைக்கும்போது பின்வாங்கும். தகட்டின் இரு பக்கத்திலும் அரை மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கோடையில் கட்டை சுருங்கி, தகட்டில் இடித்து, வாயருகே பிளந்துவிடும்.

அடுத்து தகட்டின் எஃகு முகம். நடுவே குழிவாக இருக்கும், கூர்முனையை ஒட்டி நூல் மாதிரி ஒரு சமதளப் பட்டை மட்டும் போதும். தீட்டித் தீட்டிக் குழிவு முனைவரை வந்துவிட்டால் அங்கே கூர் இருக்காது. அப்போது சாய்முகப் பக்கத்தில் மென்னிரும்பின் மேல் சிறு சுத்தியலால் மெதுவாகப் பலமுறை தட்டி எஃகை முன்னே தள்ளுவார்கள். பளபளக்கும் எஃகுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியே தட்ட வேண்டும். ஓர் அடி எஃகின் மேல் விழுந்தால் போதும், முனை உடைந்து கையோடு வரும்.

தீட்டுவதற்கு 1000, பிறகு 4000 அல்லது 6000, கடைசியில் 8000 எண் நீர்க்கல் (எண் கூடக்கூடக் கல் நயமாக இருக்கும்). கல் குழிந்திருந்தால் கூர்முனை வளைந்துவிடும், ஆகவே கல்லை அடிக்கடி சமப்படுத்துங்கள். 1000இல் முழு அகலத்துக்கும் பிசிறு எழும்வரை அடுத்த கல்லுக்குப் போக வேண்டாம். மென்மரத்துக்கு 25 முதல் 28 டிகிரி, கடினமரத்துக்கு 30. தகட்டின் இரு ஓரமூலைகளையும் கொஞ்சம் தேய்த்துக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சுருள் பக்கக்காடியில் சிக்கி அடைத்துக்கொள்ளும்.

பலரும் கவனிக்காமல் விடுவது கட்டையின் அடிப்பகுதி. தகட்டை இறுக்கமாக உள்ளே வைத்து, முனை மட்டும் வாய்க்குள் பின்வாங்கியிருக்கும்படி செய்துகொண்டு, கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் அடியைச் சமப்படுத்துங்கள். தகடு இல்லாமல் செய்தால் பிறகு தகடு ஏறும்போது கட்டை விரிந்து கணக்கு மாறும். அதன்பின் முன்விளிம்பும் வாய்க்குச் சற்று முன்னால் உள்ள பட்டையும் மட்டும் மரத்தைத் தொடும்படி, இடைப்பட்ட பகுதியையும் வாய்க்குப் பின்னுள்ள பகுதியையும் ஒரு காகிதக் கனத்துக்கும் குறைவாகச் சுரண்டி எடுங்கள். நேர்கோலை நீளத்திலும் இரு மூலைவாட்டிலும் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கட்டை முறுக்கியிருந்தால் மூலைவாட்டில்தான் தெரியும்.

தகட்டை இறக்க அதன் தலையில் தட்ட வேண்டும், பின்வாங்க வைக்கக் கட்டையின் பின்மூலைகளில் இடதும் வலதுமாக மாற்றித் தட்ட வேண்டும். நடுவில் ஓங்கி அடித்தால் கட்டை பிளக்கும். வெட்டும் தகட்டின்மேல் அமர்ந்து சுருளை மடக்கும் இரண்டாவது தகடான மேல்தகட்டைக் கூர்முனையிலிருந்து 0.3 மி.மீ. பின்னால் வையுங்கள், அதன் முனையில் 50 அல்லது 60 டிகிரியில் ஒரு சின்னச் சாய்வு தீட்டியிருக்க வேண்டும். இரு தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் சுருள் அங்கே புகுந்து மடங்கும்.

மரம் பிய்ந்தால் முதலில் பலகையைத் திருப்பிப் பாருங்கள். பட்டைப் பக்க முகமென்றால் நுனியிலிருந்து அடி நோக்கியும், நடுச்சோற்றுப் பக்க முகமென்றால் அடியிலிருந்து நுனி நோக்கியும் இழைக்க வேண்டும், ஏனென்றால் வளையங்கள் மேலே போகப்போகக் கூம்புபோல் ஒடுங்குகின்றன. அப்படியும் பிய்ந்தால் மேல்தகடு தூரமாக இருக்கிறது, அல்லது கூர் போய்விட்டது. சுருள் நடுவில் மட்டும் வந்தால் தகடு குவிந்து தீட்டப்பட்டிருக்கிறது. தொடக்கத்தில் வெட்டாமல் பாதியில் வெட்டத் தொடங்கினால் அடிப்பகுதி வளைந்திருக்கிறது.

ஜப்பானில் மெல்லிய சுருள் எடுக்கும் போட்டிகளில் 10 மைக்ரானுக்கும் கீழே போகிறார்கள். அந்த அளவு யாருக்கும் தேவையில்லை. ஆனால் கூரான தகடு நாரை நசுக்காமல் அறுத்துவிடுவதால் மேற்பரப்பு மூடிக்கொண்டு பளபளக்கும், தண்ணீர் மணியாக உருண்டு ஓடும். உப்புத்தாள் தேய்த்த முகம் பஞ்சு மாதிரி கிழிந்து நின்று ஈரத்தைக் குடிக்கும். வர்ணமோ எண்ணெயோ பூசாத கோயில் தூண்கள் மழையில் தாக்குப்பிடிப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

ரம்பத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இழுத்து அறுப்பதால் தகடு மெல்லியதாக இருக்க முடிகிறது, தோசுக்கி என்னும் நுண்வேலை ரம்பத்தில் 0.3 மி.மீ. தான். தள்ளும் பழக்கத்தில் ஓர் அழுத்து அழுத்தினால் மடங்கிவிடும், மென்மரத்துக்கான நீண்ட பற்கள் வேங்கையில் ஒடியும். கடினமரத்துக்கென்று விற்பதை வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் தகட்டை வாய்க்குள் பின்வாங்க வைத்து, துளி எண்ணெய் தடவி, கட்டையைத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். சென்னை மாதிரி கடலோர ஊரில் ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் கட்டை கட்டாயம் அசையும். வெளியூரிலிருந்து வந்த புதுக் கட்டையை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் உங்கள் பட்டறையிலேயே இருக்கவிட்டு, பருவம் மாறும்போதெல்லாம் அடிப்பகுதியை நேர்கோல் வைத்துப் பார்த்துச் சுரண்டுங்கள். இரண்டாவது வருஷம் சுரண்டல் வெகுவாகக் குறைந்துவிடும்.